வலது இருக்கைக்கு ஆள் எடுக்கிறார்கள்

முதல் தடவை என்னைக் கழித்துவிட்டபோது வந்த ஆத்திரத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. கணக்கில் கழித்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். கண்ணிலோ பல்லிலோ குறை சொல்லியிருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். அவர்கள் கழித்தது என் பேச்சை. பேச்சு! எங்கள் லயத்தில் கேட்டுப் பாருங்கள், எனக்கு வாய் நீளம் என்று கைக்குழந்தைகூடச் சொல்லும்.

விமான நிறுவனம் ஒன்று பயிற்சி விமானிகளைத் தெரிவு செய்யப்போவதாக அறிவித்திருந்தது. பயிற்சியும் அவர்களே கொடுப்பார்கள், முடித்தால் வேலையும் அவர்களே கொடுப்பார்கள். நான் மலைநாட்டில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். ஹட்டனில் உயர்தரம் படித்து, பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் வீட்டில் குந்திக்கொண்டிருந்தேன். அம்மா கொழுந்து பறிப்பவள். அப்பா நான் சின்னவளாக இருந்தபோதே போய்விட்டார். அம்மாவோடு சேர்ந்து என்னை ஆளாக்கியது பெரியம்மா, அம்மாவின் அக்கா. அவளும் கொழுந்துக்காரிதான். லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு அவளுடையது. பிள்ளை குட்டி கிடையாது, அதனால் நான் இரண்டு வீட்டுக்கும் பிள்ளை.

விண்ணப்பித்திருக்கிறேன் என்று சொன்னதும் பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏரோப்ளேன் ஓட்டப் போறியா? மொதல்ல மஸ்கெலியா பஸ்ல வாந்தி எடுக்காமப் போய்ட்டு வா, பாப்போம்."

எழுத்துப் பரீட்சையில் தேறினேன். கணினித் திரையில் ஓடுகிற புள்ளியை ஒரு கையால் துரத்திக்கொண்டே மறு கையால் கணக்குப் போடுகிற சோதனையிலும் தேறினேன். வைத்தியர்கள் என் கண்ணையும் காதையும் குடைந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இத்தனையும் தாண்டிக் கடைசியில் கொழும்பில் ஒரு நாள் சிமுலேட்டர் சோதனை இருந்தது. விமானத்தின் மூக்குப் பகுதியை மட்டும் வெட்டி அறைக்குள் வைத்த மாதிரி ஒரு பெட்டி. இடது இருக்கையில் பரீட்சகர். அவர்தான் கேப்டன். வலது இருக்கை துணை விமானியுடையது, அதில் நான். நான் ஓட்ட வேண்டியதில்லை. கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்து, தப்பு நடந்தால் கேப்டனிடம் சொல்ல வேண்டும். இன்ன உயரத்துக்குக் கீழே, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் இறங்கக் கூடாது என்று முன்பே சொல்லித் தந்திருந்தார்கள்.

திரை முழுக்க மேகம். எங்கள் ஊர்ப் பனிமூட்டம் மாதிரியே இருந்தது. அவர் இறக்கிக்கொண்டே போனார். முள் அந்த உயரத்தைத் தொட்டது, தாண்டியது. ஓடுபாதையைக் காணவில்லை. தப்பு என்று நன்றாகத் தெரிந்தது. ஆனால் பக்கத்தில் இருப்பவர் நரைத்த தலைக்காரர், தோளில் நாலு பட்டி. நான் உயரமானியைப் பார்த்து, உள்ளதைக் கொஞ்சம் சத்தமாக வாசித்தேன். அவர் அசையவில்லை. "இன்றைக்கு மேகம் அதிகம்தான்" என்று முன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். அதற்கும் அவர் அசையவில்லை. திரையில் திடீரென்று மரங்கள் வந்தன, பெட்டி அலறியது, எல்லாம் சிவப்பாகி நின்றது. நாங்கள் செத்துப்போயிருந்தோம்.

"கண்டாயா?" என்று கேட்டார்.

"கண்டேன் சேர்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேனே சேர்."

"நீ என்னிடம் சொல்லவில்லை. உயரமானியிடம் சொன்னாய்."

நல்ல மனிதர்தான், பொறுமையாக விளக்கினார். முதலில் கேள். கேட்டும் திருந்தாவிட்டால் நடப்பதை நேரே சொல். பிறகும் திருந்தாவிட்டால் இன்னது செய்யுங்கள் என்று சொல். அதுவும் நடக்காவிட்டால் நீயே கையை வைத்து விமானத்தை எடு. இதைச் செய்யத் துணிவில்லாதவர்களை வலது இருக்கையில் வைக்க முடியாது, அதனால் ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நடைபாதையில், எனக்கு முன்னால் உள்ளே போய்வந்த பையன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். கொழும்பில் பெரிய பாடசாலையில் படித்தவன். "அவர் என்ன செய்தாலும் தப்பு தப்பு என்று கத்தினேன், ரெண்டொன்று உண்மையாகவே தப்பாம்" என்றான். அவன் தேறிவிட்டான். பார்க்காமலே கத்தினவன் பாஸ், பார்த்துச் சொன்னவள் பெயில். பஸ்ஸில் கினிகத்தேனை ஏற்றம் முழுக்க அந்த நிறுவனத்தை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன்.

உயரமானியிடம் சொன்னாய் என்கிறாரே, எங்களைப் பழக்கியதே அப்படித்தானே! எங்கள் தோட்டத்தில் மேலே இருப்பவரின் தப்பை அவர் முகத்துக்கு நேரே சொல்லும் வழக்கம் கிடையாது. சாடையாகச் சொல்வோம். மலையில் மரத்தில் குளவி கூடு கட்டியிருக்கும். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு அதைக் கவனிக்காமல் அந்த நிரைக்கே பெண்களை அனுப்புவார். பெரியம்மா அவர் பக்கம் திரும்பவே மாட்டாள். முன்னால் நிற்கும் தேயிலைச் செடியைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பிப்பாள்.

"ஏன்டி செடி, ஒந்தலைக்கு மேல குளவி குடும்பம் நடத்துது, நீ பாட்டுக்கு நிக்கிறியே. கொட்டுனா ஒன்னய யாருடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறது?"

கண்டாக்கு காதில் விழாதவர்போலக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு அண்ணாந்து பார்ப்பார். பிறகு தானே கண்டுபிடித்ததுபோல, "எல்லாரும் அந்தப் பக்கம் போங்க" என்பார். அவருக்கும் மரியாதை போகவில்லை, எங்களுக்கும் உயிர் போகவில்லை. சாடை பேசுவதில் பெரியம்மாவை அடிக்க ஆள் கிடையாது. செடியிடம் பேசுவாள், கூடையிடம் பேசுவாள், அட்டை கடித்தால் அந்த அட்டையிடம் பேசுவாள். கேட்க வேண்டியவர் கேட்டுவிடுவார்.

சிமுலேட்டரில் நடந்ததைச் சொன்னபோது அவளுக்கு என் தப்பு என்னவென்றே விளங்கவில்லை.

"அவருக்குக் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு."

"கேட்டா திருத்திக்க வேண்டியதுதானே! கேட்டும் கேக்காத மாதிரி இருந்தா அவரு என்னா மனுஷன்? அவரப் பெயிலாக்காம ஒன்னய எதுக்குப் பெயிலாக்குனாங்க?"

சிரித்துவிட்டேன். அது சோதனை, அவர் வேண்டுமென்றே செய்தது என்று விளக்கினேன். ஆனாலும் அவள் கேட்டது மண்டைக்குள் நின்றுவிட்டது. வலது இருக்கைக்காரி பேசுகிறாளா என்று இவ்வளவு பாடுபட்டுப் பார்க்கிறார்கள். இடது இருக்கைக்காரர் கேட்கிறாரா என்று யார் பார்க்கிறார்கள்?

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. எங்கள் லயத்துக்குப் பின்னால் உயரமான மண்மேடு. அதற்கு மேலே ஆட்கள் மரக்கறி போட்டிருந்தார்கள். அங்கே கோவா பிடுங்கப் போன அம்மா, நிலம் வெடித்திருக்கிறது என்று வந்து சொன்னாள். போய்ப் பார்த்தேன். வெடிப்பு லயத்தின் நீளத்துக்கு ஓடியது, என் கை முழங்கை வரை உள்ளே போனது. கீழே பெரியம்மாவின் குசினிச் சுவரோரமாகச் செம்மண் கலந்த தண்ணீர் ஊறி வரத் தொடங்கியிருந்தது. லயத்தில் எல்லாரும் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரியும். மழைக்கு மண் சரிந்து ஆட்கள் போன தோட்டங்களின் கதை கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாங்கள்.

மறுநாள் காலையில் பெரட்டு. வேலைக்குப் போகுமுன் எல்லாரும் கூடி நின்று யார் எந்த மலைக்கு என்று கேட்டுக்கொள்கிற இடம் அது. குடையில்லாமல் போன அம்மாவுக்குக் குடை கொடுக்கப் போயிருந்தேன். அன்றைக்குத் தோட்டத்தை நடத்துகிற துரையே வந்து நின்றார். புதிதாக வந்தவர், கீழ்நாட்டுச் சிங்களவர், என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். தமிழில் வா, போ, சீக்கிரம் என்கிற அளவுக்கு மேல் தெரியாது. பெரியம்மா முன்வரிசைக்கு வந்தாள். மழைக்கு ஒதுங்கி நின்ற நாயைப் பார்த்துக் குனிந்தாள்.

"டேய், எங்க லயத்துப் பக்கம் வந்துராத. பின்னுக்கு மல வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. ஒனக்காச்சும் நாலு காலு இருக்கு, ஓடிருவ. நாங்க என்னாடா செய்வோம்?"

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. துரை சிரித்தார். கிழவி நாயோடு விளையாடுகிறாள் என்று நினைத்து, அவரும் குனிந்து நாயின் தலையைத் தடவினார். கண்டாக்குக்கு விளங்கிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் துரைக்கு நேரே சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. தொப்பியைக் கழற்றி, "மழ வேற கூடிக்கிட்டே போகுது" என்று தொப்பியிடம் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் நிற்கிறோம், ஒருத்தருக்கும் வாய் இல்லையா? நேரே துரைக்கு முன்னால் போய் நின்று சிங்களத்தில் பேசினேன்.

"சேர், எங்கள் லயத்துக்கு மேலே நிலம் வெடித்திருப்பது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். வந்து பார்ப்பார்கள்."

"மண்ணோடு தண்ணீர் வருகிறது. அவர்கள் வரும்வரை தாங்காது."

"நீ இங்கே வேலை செய்கிறாயா?"

"இல்லை. என் அம்மா வேலை செய்கிறார்."

"அப்படியானால் அம்மா வந்து சொல்லட்டும்."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தன் காலைப் பார்த்தாள்.

"இன்றைக்கே இந்த லயத்து ஆட்களைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும் சேர். நீங்கள் அனுப்பாவிட்டால் நான் கூட்டிக்கொண்டு போவேன்."

துரையின் முகம் சிவந்துவிட்டது. "முடிந்தால் செய்து பார்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

செய்து பார்த்தேன். வீடு வீடாகக் கதவைத் தட்டினேன், கத்தினேன், கெஞ்சினேன், ஒரு கிழவரைப் பாயோடு சேர்த்துத் தூக்க ஆள் பிடித்தேன். பாடசாலை அதிபர் மறுபேச்சில்லாமல் வகுப்பறைகளைத் திறந்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் லயம் காலி. எனக்கு உள்ளுக்குள் ஒரு குதியாட்டம் இருந்தது, அதை மறைப்பானேன். அந்தப் பரீட்சகர் இப்போது பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியம்மா மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வகுப்பறை வாங்கில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தாள்.

"நீ சொன்னது சரிதான்" என்றாள் கடைசியில். "அதுக்கு எல்லார் முன்னுக்குமா அந்த மனுஷன் மூஞ்சிய ஒடைப்ப? நாளைக்கு ஒங்கம்மாவ எந்தப் பள்ளத்துக்கு அனுப்புவான்னு யோசிச்சியா?"

"மண்ணு சரியப் போகுது, மூஞ்சியப் பாக்கச் சொல்றீங்களா?"

"ஒனக்கென்னா, நீ பறந்து போயிருவ. நாங்க அந்தாளு மூஞ்சியிலதானே முழிக்கணும்."

எனக்குக் கோபம். திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. பிள்ளைகளுக்குப் பாண் வாங்க நான் கடைக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து, லயத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கத் துரை வரப்போகிறாராம் என்று ஒரு கதை வந்திருக்கிறது. பெரியம்மா எழுந்து சேலையை உதறிக் கட்டியிருக்கிறாள். நான் பாணோடு வந்தபோது அம்மாதான் சொன்னாள்.

"அக்கா லயத்துக்குப் போயிருக்கு. தொர வர்றப்ப அடுப்புல பொகையாச்சும் தெரியணும், ஒருத்தருமே மதிக்கலைன்னு நெனச்சிருவாருன்னு சொல்லிச்சு. ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, படிச்ச புள்ள, வாய்க்கொழுப்புல பேசிருச்சு, மனசுல வச்சுக்காதீங்கன்னு ரெண்டு வார்த்த சொல்லிட்டு வந்துருதாம்."

"நீங்க ஏன்மா விட்டீங்க?"

"ஒனக்காகத்தானே போறேன்னு சொல்லிச்சு."

பாணைப் போட்டுவிட்டு ஓடினேன். கோயிலைத் தாண்டுவதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய லொறி கல்லைக் கொட்டுவது மாதிரி, ஆனால் நிற்கவே இல்லை. திருப்பத்தில் போய்ப் பார்த்தபோது எங்கள் வீடும் அக்கம்பக்கத்து வீடுகளும் இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது. கூரைத் தகரம் ஒன்று மட்டும் மேலே கிடந்தது. துரை வரவேயில்லை. அவர் வருவதாகச் சொல்லவும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. யாரோ கிளப்பிவிட்ட வெறும் பேச்சு.

மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினோம். குசினியில்தான் கிடந்தாள். அடுப்பு மூட்டியிருந்தாள்.

லயத்தில் மற்ற எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து, நீ சொல்லலேன்னா நாங்க என்னா ஆகியிருப்போம் என்று அழுதார்கள். அவர்கள் கையை உதற முடியாமல் நின்றேன். துரை சாவீட்டுக்கு வந்தார். தலையைக் குனிந்துகொண்டு நின்றார், அழுதிருந்தார் என்றுகூடச் சொல்வேன். பிறகு வந்த அதிகாரிகளிடம், முதல் நாளே ஆட்களைப் பாடசாலைக்கு அப்புறப்படுத்தியாகிவிட்டது என்றார். கண்டாக்கு பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது யாரையும் திருத்துகிற வாய் இல்லை.

அந்த விமான நிறுவனம் மறுபடி விண்ணப்பம் கேட்டபோது நான் போகிற எண்ணத்தில் இல்லை. அம்மாதான் பிடித்துத் தள்ளினாள். வீடு இல்லாமல் தற்காலிகக் கொட்டிலில் இருந்தோம். ஒருத்தியாவது இந்த மலையை விட்டுப் போக வேண்டும் என்பது அவளுக்கு வெறியாகவே ஆகிவிட்டிருந்தது. போனேன். சிமுலேட்டரில் இந்த முறை வேறொரு கேப்டன், வேறொரு தப்பு. முதலில் கேட்டேன், பிறகு சொன்னேன், பிறகு இன்னது செய்யுங்கள் என்றேன், பிறகு கையை வைத்து எடுத்துவிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கடைசியாக நேர்முகப் பரீட்சை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கேட்டார். "உனக்கு மேலே இருக்கும் ஒருவர் தவறு செய்கிறார் என்று தெரிந்து, அதை அவருக்கு நேரே சொன்ன அனுபவம் இருக்கிறதா? என்ன நடந்தது?"

இருக்கிறது என்றேன். வெடிப்பைச் சொன்னேன், துரையைச் சொன்னேன், பாடசாலையைச் சொன்னேன். எல்லாரும் தப்பித்தார்களா என்று கேட்டார்கள். ஒருவர் இறந்துவிட்டார், என் பெரியம்மா என்றேன். ஏன் என்று கேட்டார்கள். நான் பேசியதற்குச் சமாதானம் சொல்லத் திரும்பிப் போனார் என்றேன். ஓரத்தில் இருந்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நடுவில் இருந்தவர், "என்றாலும் நீ செய்ததுதான் சரி. மறுபடியும் அப்படி நடந்தால் அதையே செய்வாயா?" என்றார். செய்வேன் என்றேன். அதைத் தவிர வேறு பதிலுக்கு அந்த அறையில் இடமில்லை என்று எனக்குத் தெரியும்.

எங்களிடம் ஏதாவது கேட்க விரும்புகிறாயா என்றார்கள்.

"இடது இருக்கைக்கு ஆள் எடுக்கும்போது என்ன பார்ப்பீர்கள்?"

பறந்த மணித்தியாலங்கள், பயிற்சிகள், சிமுலேட்டர் என்று அடுக்கினார். பக்கத்தில் இருப்பவர் பேசினால் அவர் காது கொடுத்துக் கேட்கிறாரா என்று பார்ப்பீர்களா என்று கேட்டேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதையும் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறோம். நல்ல கேள்வி" என்று நடுவில் இருந்தவர் புன்னகைத்தார். பேனாவைக் கீழே வைத்த பெண் அதை மறுபடி எடுத்து என்னவோ எழுதினார்.

தெரிவாகிவிட்டேன் என்று தொலைபேசியில் சொன்னார்கள். குறிப்பாக நேர்முகப் பரீட்சையில் நான் சொன்ன அனுபவம் தங்கள் மனதைத் தொட்டது, அதற்குத்தான் அதிக புள்ளி என்றார்கள். நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அம்மா கொட்டில் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். சொன்னதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னா கேள்வி கேட்டாங்க?"

"பெரியம்மா செத்ததப் பத்திக் கேட்டாங்க."

அம்மாவின் கை என் முகத்திலேயே இருந்தது.

"நல்லாச் சொன்னியா?"

"நல்லாச் சொன்னேம்மா" என்றேன். "அதுக்குத்தான் எடுத்திருக்காங்க."